பொது வளவில் நிற்கும் மரங்கள்: கூட்டுக் குடியிருப்பில் அவற்றைக் காப்பது எப்படி?

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ரொறன்ரோவிலும் அதனைச் சூழவுள்ள நகரங்களிலும் எம்மவர்களில் கணிசமானோர் 'ரவுண்ஹவுஸ்' என்று சொல்லப்படும் தொடர்வீடுகளில் வாழ்ந்து வருகின்றார்கள். 1983ஆம் ஆண்டிற்குப் பின்னர் அகதிகளாக இந்நாட்டிற்கு வந்து, இரண்டு வேலை மூன்று வேலை என்று உழைத்து முதன்முதலாக வாங்கிய வீடு இத்தகைய 'கொண்டோமினியம்' தொகுதி ஒன்றுக்குள் இருந்த வீடாகவே பலருக்கும் அமைந்தது. ஸ்காபுரோவில் உள்ள இத்தொகுதிகளில் பல 1970களில் கட்டப்பட்டவை. அப்போது நடப்பட்ட மேப்பிள் கன்றுகள் இன்று ஐம்பது வயதை அண்மித்த பெருமரங்களாகிக் கூரைக்கு மேலே நிற்கின்றன.

இப்பொழுது அந்த மரங்களுக்குச் சிக்கலான காலம் வந்துள்ளது. வேர் தார்ப்பாதையைக் கிளப்புகிறது, கொப்பு கூரையில் உரசுகிறது, இலை விழுந்து பீலி அடைக்கிறது என்று ஒவ்வொரு தொகுதியிலும் முறைப்பாடுகள் எழுகின்றன. ஒருநாள் முகாமைத்துவ நிறுவனத்திடமிருந்து கடிதம் ஒன்று வரும். "பின்வரும் மரங்கள் வெட்டப்படவுள்ளன" என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடிதத்தைப் படிக்காமலே மேசையில் போட்டுவிட்டு, மரம் அரியும் சத்தம் கேட்ட பின்னர் ஓடிவந்து கேட்பவர்களே எம்மில் அதிகம். அதற்குப் பின்னர் கேட்டு என்ன பயன்? ஐம்பது வருட நிழலை மீண்டும் பெறுவதற்கு இன்னும் ஐம்பது வருடங்கள் வேண்டும்.

எனவே இம்மாத உரையில், பொது வளவில் நிற்கும் மரம் யாருக்குச் சொந்தம், அது எதனால் நோயுறுகிறது, அதைக் காப்பதற்கு நாம் என்ன செய்யலாம், எப்போது வெட்டத்தான் வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரம் யாருடையது?

ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டத்தின்படி, தொகுதியின் பாதைகள், புற்றரைகள், மரங்கள் ஆகியன 'பொதுப்பகுதி' என்ற வகைக்குள் அடங்குகின்றன. இவை எல்லா வீட்டு உரிமையாளர்களுக்கும் கூட்டாகச் சொந்தமானவை. இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு, உரிமையாளர்கள் தெரிவுசெய்யும் பணிப்பாளர் சபையுடையது. முகாமைத்துவ நிறுவனம் அச்சபையின் சார்பில் வேலைசெய்யும் ஒரு சேவையாளர் மட்டுமே.

பல தொகுதிகளில் வீட்டின் பின்புறமுள்ள சிறிய வளவுகூட, நாம் மட்டும் பாவிக்க அனுமதிக்கப்பட்ட பொதுப்பகுதியாகவே பதியப்பட்டிருக்கும். எனவே "என்னுடைய வளவு, என்னுடைய மரம்" என்று எண்ணிச் சபையின் சம்மதம் இல்லாமல் மரத்தை வெட்டவோ புதிதாக நடவோ முடியாது. உங்கள் தொகுதியின் பிரகடன ஆவணத்தைப் பார்த்தால் எது யாருடையது என்பது தெளிவாகும்.

இரண்டு காணிகளின் எல்லைக்கோட்டில் அடிமரம் நிற்குமானால், ஒன்ராறியோவின் வனவியல் சட்டப்படி அது இரு பகுதியினருக்கும் பொதுவான சொத்து. மற்றவரின் சம்மதமின்றி அதை அழிப்பதோ காயப்படுத்துவதோ குற்றமாகும். ஊரில் எல்லை வேலிக்காகக் கோடேறிய கதைகள் எமக்குப் புதியவை அல்ல. இங்கும் அதே விடயத்திற்காக வழக்குகள் நடந்திருக்கின்றன.

இதற்கு மேலாக மாநகரசபையின் சட்டமும் உண்டு. ரொறன்ரோவில் தனியார் காணியில் நிற்கும் மரமாயினும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அதன் குறுக்களவு 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அதனை வெட்டுவதற்கோ காயப்படுத்துவதற்கோ அனுமதிப்பத்திரம் தேவை. குறுக்களவை எப்படி அளப்பது என்று யோசிக்க வேண்டாம். தையல் நாடா ஒன்றை எடுத்து நெஞ்சளவு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளவுங்கள். சுற்றளவு 94 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அது அனுமதி தேவைப்படும் மரம். மார்க்கம் நகரில் இந்த எல்லை 20 சென்ரிமீற்றர். அதாவது சுற்றளவில் ஏறத்தாழ 63 சென்ரிமீற்றர். ஊருக்கு ஊர் அளவு வேறுபடும் என்பதால் உங்கள் நகரசபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் 311 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பட்டுப்போன மரங்களுக்கும் உடனடி ஆபத்தை விளைவிக்கும் மரங்களுக்கும் விதிவிலக்கு உண்டு. ஆயினும் மாநகரசபைக்கு அறிவித்து உறுதிப்படுத்திய பின்னரே கைவைக்க வேண்டும்.

ஊர்ப் பழக்கமும் இந்த நாட்டு மரமும்

மரம் வளர்ப்பது எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விடயமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எமது அனுபவம் பெரும்பாலும் பனை, தென்னை, வாழை, பூவரசு, கிளுவை ஆகியவற்றோடு பெற்ற அனுபவம். மேப்பிளும் ஓக்கும் வேறு வகையான உடலமைப்புக் கொண்டவை.

பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். நீரையும் உணவையும் கடத்தும் நாளங்கள் அவற்றின் தண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அதனால்தான் தென்னையில் ஏறுவதற்குப் படி கொத்தினாலும், ஆணி அடித்துக் கொடி கட்டினாலும் அது தாங்கிக்கொள்கிறது. மேப்பிளில் அப்படியில்லை. இலையில் செய்யப்பட்ட உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் பாதை பட்டைக்குச் சற்று உள்ளே மெல்லிய படையாக மட்டுமே இருக்கிறது. புதிய மரத்தை உருவாக்கும் வளர்படையும் அதற்கு அடுத்தே இருக்கிறது. இப்படை மரத்தைச் சுற்றிலும் அறுபட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் சாகும். உள்ளே எவ்வளவு வைரம் பாய்ந்திருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

உடுப்புக் காயவைப்பதற்காக மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பி, சில வருடங்களில் மரம் பருக்கும்போது பட்டைக்குள் புதைந்து கழுத்தை நெரிப்பது இதனால்தான். புல்வெட்டும் கயிற்று யந்திரத்தை அடிமரத்தோடு ஒட்டிப் பிடிப்பதும் இதே தீங்கைச் செய்கிறது. ஒவ்வொரு கிழமையும் சிறிது சிறிதாகப் பட்டை உரிந்து, இளமரம் ஒன்று மூன்று நான்கு வருடங்களில் பட்டுப்போகும். காரணம் தெரியாமல் நாம் பனியையும் குளிரையும் குறைசொல்லிக்கொண்டிருப்போம்.

அடுத்தது கொப்பு வெட்டும் பழக்கம். ஊரில் வேலிப் பூவரசையும் கிளுவையையும் வருடா வருடம் மொட்டையாக வெட்டுவோம். குழை தோட்டத்துக்குப் பசளையாகும், கதியால் அடுத்த வேலிக்கு உதவும், மரமும் சில கிழமைகளில் தளிர்த்துவிடும். ஆண்டு முழுவதும் வெயில் உள்ள மண்ணில் அது சரி. இங்கே ஒரு மரத்திற்கு உணவு சேமிக்கக் கிடைப்பது ஏறத்தாழ ஐந்தாறு மாதங்கள் மட்டுமே. அதன் தலையை வெட்டினால் சேமிப்பைச் செலவழித்து அவசரமாகப் புதுக்கொப்புகளை விடும். அப்புதுக்கொப்புகள் மேற்பரப்பில் பலவீனமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வெட்டிய இடத்திலிருந்து உக்கல் உள்ளே இறங்கும். ஆபத்தைக் குறைக்கவென்று தலை வெட்டிய மரம், பத்து வருடத்தில் முன்னரிலும் ஆபத்தான மரமாகிவிடுகிறது.

வேரைப் பற்றிய தவறான எண்ணம்

மரம் எவ்வளவு உயரமோ வேரும் அவ்வளவு ஆழம் என்று பலர் நினைக்கின்றார்கள். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஏறத்தாழ முதல் 60 சென்ரிமீற்றருக்குள்ளேயே பரவியிருக்கின்றன. ஆனால் அகலத்தில் அவை கொப்புகளின் விரிவையும் தாண்டி வெகுதூரம் செல்லும். நாம் நடக்கும், வாகனம் தரிக்கும், உப்புப் போடும் இடமெல்லாம் வேரின் இடமே.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். புற்றரையில் வாகனத்தை ஏற்றி நிறுத்தினால் மண் இறுகிக் காற்றிடைவெளி அடைபடும். மிளகாயும் பயற்றங்கொடியும் நடுவதற்காக மரத்தைச் சுற்றி ஓரடி உயரத்திற்குப் புதுமண் கொட்டினாலும் இதே கதைதான். தோட்டம் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனை மரத்திலிருந்து தள்ளி, பெட்டிகளில் அல்லது சாடிகளில் செய்யுங்கள்.

குளிர்காலத்தில் பாதைக்குப் போடும் உப்பு இன்னொரு எதிரி. உப்பு மண்ணில் சேரும்போது, ஈரம் இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச முடிவதில்லை. கோடையில் இலையின் விளிம்பு கருகிக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். பனி அள்ளும் ஒப்பந்தகாரர் உப்புக் கலந்த பனியை மரத்தடியில் மலைபோலக் குவிப்பதைப் பல தொகுதிகளில் காணலாம். பனியைக் குவிக்கும் இடம் எது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுமாறு சபையிடம் கேட்பது செலவில்லாத நிவாரணம். உங்கள் வாசற்படிக்கு மணலைப் பாவிக்கலாம்.

நாம் செய்யக்கூடிய எளிய பராமரிப்பு

முதலாவது தண்ணீர். புதிதாக நட்ட மரத்திற்கு முதல் இரண்டு மூன்று கோடைகள் மிக முக்கியமானவை. தண்டின் குறுக்களவில் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஏறத்தாழ 40 லீற்றர் என்ற கணக்கில், மழையில்லாத வாரங்களில் மெதுவாக ஊறும்படி விடவேண்டும். தினமும் மேலால் தெளிப்பதிலும் பார்க்க, கிழமைக்கு ஒரு தடவை ஆழமாக ஊற்றுவது நல்லது. கடும் வரட்சியில் பெரிய மரங்களுக்கும் தண்ணீர் தேவை. அயலிலுள்ள நான்கு வீட்டார் முறைவைத்துச் செய்தால் எவருக்கும் பாரமாக இராது. ஊரில் கிணற்றுக்குப் பங்கு வைத்து இறைத்தவர்கள்தானே நாம்.

இரண்டாவது மூடுபடை. மரச்சிராய்களை மரத்தைச் சுற்றி 5 முதல் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பினால் ஈரம் காயாது, களை குறையும், புல்வெட்டும் யந்திரமும் அண்மிக்காது. ஆனால் அடிமரத்தில் அது முட்டக்கூடாது. ஒப்பந்தகாரர்கள் எரிமலை போலக் கூம்பாகக் குவித்துவிட்டுப் போவார்கள். அதனால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். வேர்கள் மேலே வந்து தண்டைச் சுற்றி இறுக்கும். அடிமரம் நிலத்தைச் சந்திக்கும் இடத்தில் வேர்கள் அகன்று விரிவது கண்ணுக்குத் தெரியவேண்டும். கூம்பாகக் குவிந்திருந்தால் கையாலேயே விலக்கிவிடலாம்.

மூன்றாவது கத்தரித்தல். பெரும்பாலான மரங்களுக்கு இலையற்ற குளிர்காலப் பிற்பகுதி உகந்தது. ஒரு வருடத்தில் பச்சைக் கொப்புகளில் கால்பங்கிற்கு மேல் நீக்கக்கூடாது. கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்டினால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும். தாரோ பெயின்ரோ பூசத் தேவையில்லை. ஓக் மரங்களை மட்டும் வசந்தத்திலும் கோடையிலும் வெட்டவே வேண்டாம். ஓக் வாடல் நோய் கனடாவில் முதன்முதலாக 2023ஆம் ஆண்டு நயாகரா பகுதியில் உறுதிசெய்யப்பட்டது. புதிய வெட்டுக்காயத்தை நாடிவரும் பூச்சிகள் அந்நோயைக் காவிவரும். ஏணியில் ஏறவேண்டிய வேலையையும் மின்கம்பிக்கு அருகிலான வேலையையும் நாமே செய்ய முற்படுவது உயிராபத்து.

வண்டும் வேம்பும்

ஆசியாவிலிருந்து வந்த, மரகதப் பச்சை நிறமுடைய ஒரு சிறு வண்டு 2002ஆம் ஆண்டு டெற்றோயிற், வின்சர் நகரங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. 2007இல் அது ரொறன்ரோவை அடைந்தது. இதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து துளையிட்டு, மேலே நாம் சொன்ன அந்த மெல்லிய உணவுப் பாதையை அறுக்கிறது. ரொறன்ரோவில் இருந்த ஆஷ் மரங்கள் ஏறத்தாழ 860,000 என மாநகரசபை மதிப்பிட்டிருந்தது. மருந்து ஏற்றப்படாத மரங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துபோயின.

இந்த வண்டுக்கு எதிராகக் கனடாவில் பாவிக்கப்படும் மருந்துகளில் முக்கியமான ஒன்று எமது வேப்பம் விதையிலிருந்து எடுக்கப்படும் அசாடிரக்ரின் என்ற பொருளால் ஆனது. உரிமம் பெற்றவர்கள் அதை அடிமரத்தில் ஊசிமூலம் ஏற்றுவார்கள். புழு தோலுரித்து வளர்வதை அது தடுக்கிறது. பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒரு தடவை ஏற்றவேண்டும். ஊரில் நெல்லுக்குள்ளும் பயறுக்குள்ளும் வேப்பிலை போட்டுவைத்த எமது பாட்டிமாரின் அறிவு, இங்கே ஆஷ் மரத்தின் உயிரைக் காக்க உதவுகிறது. ஆனால் உச்சிக்கொப்புகள் பெருமளவு பட்ட பின்னர் மருந்து ஏற்றிப் பயனில்லை. உங்கள் தொகுதியில் ஆஷ் மரம் எஞ்சியிருந்தால் இக்கோடையிலேயே சபைக்குத் தெரியப்படுத்துங்கள்.

இவ்வழிவு கற்றுத்தந்த பாடம் ஒன்றுண்டு. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டால் ஒரே பூச்சி முழு வரிசையையும் கொண்டுபோய்விடும். ஓரினம் பத்து வீதத்திற்கு மேலும், ஒரு பேரினம் இருபது வீதத்திற்கு மேலும், ஒரு குடும்பம் முப்பது வீதத்திற்கு மேலும் இருக்கக்கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் பிராங்க் சான்ரமூர் 1990இல் முன்வைத்த விதியை நகரங்கள் பலவும் இன்று கவனத்தில் கொள்கின்றன. வெட்டிய இடத்தில் மீண்டும் நடும்போது கலந்து நடும்படி கேளுங்கள். விறகையும் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டாம். முகாமடிக்கப் போகும்போது காரில் ஏற்றும் விறகில் இத்தகைய பூச்சிகள் பயணம் செய்கின்றன.

எப்போது வெட்டத்தான் வேண்டும்?

2013 டிசெம்பரில் வந்த பனிக்கட்டி மழையும், 2022 மே 21ஆம் திகதி தென் ஒன்ராறியோவைத் தாக்கிய பெரும் சூறைக்காற்றும் எமக்கு நினைவிருக்கும். 2022 சூறைக்காற்றில் மரம் விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே "வீட்டின்மேல் விழுந்துவிடுமோ" என்ற பயத்தை வீண்பயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வருடத்தில் இரண்டு தடவையாவது மரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? தண்டில் நீளவாக்கில் வெடிப்பு உண்டா? முன்னர் நேராக நின்ற மரம் சரிந்து, மறுபக்கத்து மண் கிளம்பியிருக்கிறதா? கோடையிலும் இலையில்லாத பெருங்கொப்பு உண்டா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் படம் எடுத்துத் திகதியுடன் எழுத்துமூலம் முகாமையாளருக்கு அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதற்குப் பின்னர் சாட்சி இராது. அதேவேளை, பொந்து உள்ள மரமெல்லாம் விழும் மரம் என்றும் கொள்ளவேண்டாம். மரத்தின் பலத்தில் பெரும்பங்கு அதன் வெளிச்சுவரில் உள்ளது. வெளிச்சுவர் போதிய தடிப்போடு இருந்தால் மரம் நீண்டகாலம் நிற்கும். இதைத் தீர்மானிக்கவேண்டியவர் சான்றிதழ் பெற்ற மரப் பராமரிப்பு நிபுணர்.

அத்தகைய நிபுணரை அமர்த்தும்போது சான்றிதழ், பொறுப்புக் காப்புறுதி, தொழிலாளர் காப்புறுதிப் பத்திரம் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். உயிருள்ள மரத்தில் முள்ளுச் சப்பாத்துடன் ஏறுபவரையும், தலையை வெட்டுவதே நல்லது என்று சொல்பவரையும், புயல் அடித்த மறுநாள் கதவைத் தட்டி மலிவு விலை பேசுபவரையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் கேட்கவேண்டியவை

ரொறன்ரோவில் ஏறத்தாழ ஒரு கோடியே 15 இலட்சம் மரங்கள் இருப்பதாக 2018ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது. நிழல்பரப்பை 2050இல் 40 வீதமாக உயர்த்துவது மாநகரசபையின் இலக்கு. இவற்றில் பெரும்பகுதி தனியார் காணிகளில் நிற்பவை என்பதால் இந்த இலக்கு எங்களைப் போன்றோரின் கூட்ட மண்டபங்களிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

வருடாந்தப் பொதுக்கூட்டத்திற்கு எம்மவர்கள் போவது குறைவு. வேலை நேரம், ஆங்கிலம் பற்றிய கூச்சம் என்று காரணங்கள் உண்டு. வரமுடியாதவர்கள் 'புறொக்சி' எனப்படும் பதிலாள் படிவத்தை நம்பிக்கையான அயலவரிடம் நிரப்பிக் கொடுக்கலாம். கடிதத்தைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்கலாம். மொத்த வீடுகளில் 15 வீதமானவற்றின் உரிமையாளர்கள் கையொப்பமிட்டால் விசேட கூட்டம் ஒன்றைக் கூட்டும்படி கோரவும் சட்டம் இடமளிக்கிறது. நூறு வீடுகள் உள்ள தொகுதியில் பதினைந்து கையொப்பங்கள் போதும்.

அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் இவை. எமது தொகுதியில் உள்ள மரங்களின் பட்டியல் இருக்கிறதா? நிபுணர் கடைசியாக எப்போது பார்வையிட்டார். அவரது அறிக்கையை நாம் பார்க்கலாமா? வெட்டச்சொல்லும் காரணம் நோயா, ஆபத்தா, அல்லது பாதை திருத்தும் வசதியா? பாதைக்காக என்றால், பாதையைச் சற்று வளைத்துப் போடுவதற்கும் மரத்தை அகற்றி அனுமதிப்பத்திரம் பெற்று மீள்நடுகை செய்வதற்கும் உள்ள செலவு வித்தியாசம் என்ன? வெட்டும் ஒவ்வொரு மரத்திற்கும் பதிலாக எங்கே, என்ன மரம், எப்போது நடப்படும்? நட்ட மரத்திற்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பராமரிப்புக்கு வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா?

இறுதிக் கேள்வியே மிக முக்கியமானது. ஒழுங்காகக் கத்தரிப்பதற்கு வருடம்தோறும் சிறுதொகை ஒதுக்காத தொகுதிகள், ஒரு புயலின் பின்னர் பெருந்தொகையை விசேட அறவீடாக ஒவ்வொரு வீட்டிடமும் கேட்கவேண்டி நேரிடுகிறது. அடைமானமும் பராமரிப்புக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்திற்கு அது தாங்கமுடியாத அடி.

ஜூலை மாதத்து வெயிலில் பேரப்பிள்ளையைப் பள்ளிப் பேருந்திலிருந்தோ கோடைமுகாமிலிருந்தோ கூட்டிவரும் எங்கள் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் சற்று நின்று இளைப்பாறுவது இந்த மரங்களின் கீழேதான். குளிரூட்டி இல்லாத வீட்டின் மேல்மாடி அறை இரவில் படுக்கக்கூடியதாக இருப்பதும் இவற்றின் நிழலால்தான். அடுத்த கூட்ட அறிவித்தல் வரும்போது அதைப் பிரித்து வாசியுங்கள். அதற்கு முன்னதாக இந்தச் சனிக்கிழமை ஒரு தையல் நாடாவுடன் வெளியே போய் உங்கள் வாசலில் நிற்கும் மரத்தை அளந்து பாருங்கள். அடிமரத்தில் கம்பி ஏதும் இறுகியிருந்தால் அறுத்துவிடுங்கள்.